2009ல் தெரிந்தது என் கைக்கு வந்து சேர 14 வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு அக்டோபரிலும் மார்பகப் புற்றுநோய் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு பக்கம் வருகிறது. கட்டி இருக்கிறதா என்று எப்படித் தடவிப் பார்ப்பது, எந்த வயதில் மேமோகிராம் எடுப்பது, வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள் என்று நன்றாகவே எழுதுகிறீர்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எங்கள் தெருப் பெண்களுக்கு நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் அது எப்போதும் 'சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும்' என்ற இடத்தோடு நின்றுவிடுகிறது, குணமான பிறகு என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. எனக்குக் குணமாகி 8 வருடம் ஆகப்போகிறது. அந்த 8 வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017ல் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அப்புறம் கீமோ, அப்புறம் 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. அதெல்லாம் பட்டவர்களுக்குத் தெரியும், படாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன். கடைசி நாள் வார்டில் இருந்து கிளம்பும்போது சொன்னார்கள்: இடது கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது. எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். "மாசம் இல்லம்மா, இனிமே தூக்கவே கூடாது" என்றார்கள்.

அப்போது நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். 10 லிட்டர் கிரைண்டர். விடியற்காலை 4 மணிக்கு ஓட ஆரம்பித்தால் 7 மணிக்குள் எங்கள் தெரு, பின்தெரு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு டீக்கடை எல்லாவற்றுக்கும் மாவு போய்விடும். ஊறிய அரிசியைத் தூக்கிப் போடுவது, கல்லைச் சாய்த்து மாவை வழிப்பது, தூக்குவாளிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எல்லாமே இரண்டு கையும் வேண்டிய வேலை. அந்த வருமானத்தில்தான் மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தேன். தூக்கவே கூடாது என்று சொன்ன பிறகு வேறு வழி தெரியவில்லை, கிரைண்டரைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டோம். தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பதை என் கணவர் எடுத்துக்கொண்டார். மகள் பிரசவத்துக்கு வந்தபோது குழந்தையை உட்கார்ந்தபடி மடியில் வாங்கினேனே தவிர, ஒரு நாளும் நின்றுகொண்டு இடுப்பில் தூக்கியதில்லை. கையைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தேன்.

அப்படி வைத்திருந்தும் அது வீங்கியது.

முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் தையற்காரர். 2020 பொங்கலுக்கு ஜாக்கெட் தைக்க அளவு எடுத்தவர், "அக்கா, இடது கைக்கு மட்டும் ஒரு இஞ்ச் கூட விடணும் போலிருக்கே" என்றார். அதற்கு முன்பே வளையல் ஏறாமல் சோப்புப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன், உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ரிவியூவுக்குப் போனபோது சொன்னேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தது, பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. "கொஞ்சம் வீங்கத்தான்மா செய்யும், நோய் திரும்ப வரலையே, அதுக்கு சந்தோஷப்படுங்க" என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. உயிர் பிழைத்தவள் கை கனக்கிறது என்று புகார் சொல்வது எனக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் மூன்று வருடம் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நடுவில் ஒரு தடவை மீன் கழுவும்போது முள் குத்தி, ராத்திரிக்குள் கை முழுக்கச் சிவந்து, அனலாகக் கொதித்து, குளிர்ஜுரம் வந்து 4 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீங்கிய கையில் சின்னக் காயம் பட்டாலும் கிருமி இப்படிப் பரவும், உடனே ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கை ஏன் வீங்குகிறது என்பதையும் 2023 தீபாவளிக்கு வந்த என் தங்கை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் பிசியோதெரபி படிக்கிறாள். ரத்தம் ஓடுவதுபோல உடம்பில் நிணநீர் என்று ஒன்றும் ஓடுகிறது, கையில் ஊறும் அந்த நீர் அக்குளில் உள்ள நெறிகள் வழியாகத்தான் வடிய வேண்டும். அவற்றை வெட்டி எடுத்து, மிச்சம் இருக்கும் இடத்தில் கரண்டும் வைத்தால் வழி குறுகிப்போகும். நாங்கள் டெல்டாக்காரர்கள், வடிகால் தூர்ந்த வயலில் தண்ணீர் நிற்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். இந்த சிகிச்சை எடுத்த பெண்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. அக்குள் நெறிகளை மொத்தமாக எடுக்காமல், முதலில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதித்துப் பார்க்கும் முறையில் ஆபத்து நன்றாகக் குறைகிறது. எனக்கு மொத்தமாக எடுத்தது.

"சரி, தூக்காமல்தானே இருக்கிறேன், அப்புறம் ஏன்?" என்று கேட்டேன். அவள் போனை எடுத்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடி, ராத்திரி பலகாரம் சுட்டுக்கொண்டே நான் கேட்க, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதினேன்.

கேத்ரின் ஷ்மிட்ஸ் என்று ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர். உடற்பயிற்சி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது அவர் துறை. புற்றுநோயில் இருந்து மீண்டவர்கள் அதற்கப்புறம் எப்படி வாழ்கிறார்கள், அந்த வாழ்க்கையை எது நன்றாக்கும் என்பதில்தான் அவர் பல வருடமாக வேலை செய்கிறார். அங்கேயும் டாக்டர்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கையில் கனம் தூக்காதே, பையைத் தூக்காதே, பிள்ளையைத் தூக்காதே என்று. வேலை செய்தால் கைக்கு ரத்தம் அதிகம் போகும், நீர் அதிகம் ஊறும், வீங்கும் என்பது காரணம். கேட்டால் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்து யாரும் சொல்லவில்லை.

இவருக்கு முன்பே கனடாவில் வான்கூவர் நகரத்தில் டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவர் 1996ல் ஒரு காரியம் செய்திருந்தார். மார்பகப் புற்றுநோயில் மீண்ட 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். தோள், கை, மார்பு எல்லாம் மாங்கு மாங்கென்று வேலை செய்ய வேண்டிய படகு அது. ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை, வெறும் 24 பேர் என்பதால் டாக்டர்கள் பேச்சை மாற்றிக்கொள்ள அது போதவில்லை.

ஷ்மிட்ஸ் முறையாகச் செய்தார். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை, சீட்டுக் குலுக்குவது மாதிரி, இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு வாரம் இரண்டு நாள் எடை தூக்க வேண்டும், மற்ற குழு வழக்கம்போல இருக்க வேண்டும். ஒரு வருடம். எடை தூக்குகிறவர்கள் கைக்கு இறுக்கமான உறை போட்டுக்கொண்டு, முதல் 13 வாரம் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, ஏறக்குறைய எடையே இல்லாமல் ஆரம்பித்து, கையில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் மட்டும் துளித்துளியாக எடையைக் கூட்டினார்கள். இவ்வளவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று உச்ச வரம்பு வைக்கவில்லை என்று கேட்டதும் நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீக்கத்தை எப்படி அளந்தார்கள் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது, கையைத் தண்ணீரில் முக்கி எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்று பார்த்தார்கள்.

வருடக் கடைசியில் வீக்கம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடியவர்கள் எடை தூக்கிய குழுவில் 11 சதவீதம், தூக்காத குழுவில் 12 சதவீதம். அதாவது தூக்கியதால் ஒன்றும் ஆகவில்லை. அதோடு நிற்கவில்லை. கை திடீரென்று மோசமாகி சிகிச்சைக்கு ஓட வேண்டி வந்தது எடை தூக்கிய குழுவில் 14 சதவீதம் பேருக்கு, சும்மா இருந்த குழுவில் 29 சதவீதம் பேருக்கு. கனம், இறுக்கம் மாதிரியான தொல்லைகளும் தூக்கியவர்களுக்குத்தான் குறைந்தன, பலமும் கூடியது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற பெரிய மருத்துவ இதழில் 2009 ஆகஸ்டில் இது அச்சாகியிருக்கிறது. அடுத்த வருடமே இன்னும் வீக்கம் வராத 154 பெண்களை வைத்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. அதில் 5 நெறிகளோ அதற்கு மேலோ எடுக்கப்பட்டவர்களில் எடை தூக்கியவர்களுக்கு 7 சதவீதம், தூக்காதவர்களுக்கு 22 சதவீதம் கை வீங்கியது.

காரணம் யோசித்தால் நமக்கே புரிகிற காரணம்தான். தசை சுருங்கி விரியும்போது அந்த நீரைத் தள்ளிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, பல வருடம் சும்மா வைத்த கை பலம் இல்லாமல் போய்விடுகிறது, வீட்டில் வாழ்கிறவளுக்கு என்றாவது ஒரு நாள் அவசரத்துக்கு எதையாவது தூக்காமல் தீராது, அன்றைக்கு அந்தப் பலவீனமான கை தாங்காது. சாதாரண பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் அது 15 கிலோ. தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினால் குடம் வீட்டை விட்டுப் போய்விடுமா? பழக்காத கையோடு அந்தக் குடத்துக்கு முன்னால் எங்களை நிறுத்தியதுதான் நடந்தது.

நான் கிரைண்டரை விற்றது 2017ல். இந்த ஆராய்ச்சி அச்சாகி அப்போது 8 வருடம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரிய வந்தது 2023ல், அதுவும் வீட்டில் ஒரு பெண் பிசியோதெரபி படித்ததால். அந்த ராத்திரி எனக்கு வந்த கோபத்தை என் கணவர்தான் பார்த்தார். என்னைக் காப்பாற்றிய டாக்டர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை குறையவில்லை, ஒரு ஓ.பி. நாளில் அவர்கள் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் பழைய பேச்சு ஒன்று அத்தனை வருடம் வார்டில் வாய்வழியாக அப்படியே ஓடிக்கொண்டிருந்ததற்கு ஒரு குடும்பம் வருமானத்தை இழந்திருக்கிறது. என் ஒருத்திக்கு மட்டும் இப்படி நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்தியாவில் 2022ல் மட்டும் புதிதாக ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது.

ஒன்று சொல்லிவிட வேண்டும், இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் குடத்தைத் தூக்கிவிடாதீர்கள். அந்த ஆராய்ச்சியில் யாரையும் எடுத்தவுடன் கனம் தூக்க வைக்கவில்லை. நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தேன், அரசு மருத்துவமனை பிசியோதெரபி அறையில் ஒரு அம்மா பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார், கைக்கு உறை அளவெடுத்து வாங்கினோம், அதற்கே சில ஆயிரம் ஆனது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள். கை கனத்தாலோ, மோதிரம் இறுகினாலோ நிறுத்திவிட்டு முந்தைய எடைக்குத் திரும்பிவிடுவேன். சிவந்து சுட்டால் உடனே ஆஸ்பத்திரி. வீக்கம் முழுவதும் போய்விடவில்லை, போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. ஆனால் கை என்னுடைய கையாக இருக்கிறது. இந்த வருடம் ஆடி மாதம் பேத்தியை நின்றுகொண்டு தூக்கினேன், 12 கிலோ இருக்கிறாள்.

இன்னொரு டாக்டரைப் பற்றியும் தங்கை மகள் சொன்னாள். ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன், அவரும் அமெரிக்கர், 1975ல் தன் நெஞ்சு எக்ஸ்ரேயைத் தானே பார்த்துத் தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்டவர், அப்போது வயது 32. பிழைத்து எழுந்து 10 வருடம் கழித்து அவர் எழுதியதன் சாரம் இது: தண்ணீரில் மூழ்குகிறவனை இழுத்துப்போட நாம் எவ்வளவோ கற்றுக்கொண்டோம், இழுத்துப்போட்டதும் வேலை முடிந்தது என்று கரையிலேயே விட்டுப் போய்விடுகிறோம், அவன் தனியாக இருமிக்கொண்டு கிடக்கிறான். நோயில் இருந்து மீண்டவர்களின் வாழ்க்கையை ஒரு தனித் துறையாகப் பார்க்க ஆரம்பித்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். அவர் எழுதியது 1985ல். ரிவியூ வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் உட்காருகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறோம். ஒருத்திக்கு மாத்திரையால் முட்டி வலி, இன்னொருத்திக்கு ராத்திரி தூக்கமே இல்லை, இன்னொருத்தியைப் புருஷன் வேறு அறையில் படுக்கச் சொல்லிவிட்டான். அவர்கள் அதை என்னிடம் சொல்கிறார்கள், உள்ளே போனால் சொல்வதில்லை, ஏனென்றால் உள்ளே யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்குக் கேள்விகள் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் தயாரித்த ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, மொத்தம் 30 கேள்வி, புற்றுநோய்க்காரர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறது, 1993ல் இருந்து உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கென்று அதோடு சேர்த்துக் கேட்க 23 கேள்விகள் தனியாக உண்டு, அதில் 3 கேள்வி கையைப் பற்றியே. நம் ஊரிலும் இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நம் நோயாளிகளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கேள்வித்தாளைத் தாங்களே உருவாக்கிச் சோதித்து 2005லேயே வெளியிட்டிருக்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அதற்கும் முன்பே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், நம்மவர்கள் உடம்பு பலத்தைவிட மன நிம்மதியையும் குடும்பத்தோடு சந்தோஷமாக இருப்பதையும்தான் பெரிதாகச் சொன்னார்களாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஆனால் நிம்மதி எங்கே போனது என்று என்னைக் கேட்டிருந்தால், கிரைண்டரோடு போனது என்று சொல்லியிருப்பேன். உடம்பையும் நிம்மதியையும் தனித்தனியாகப் பிரிக்க என்னால் முடியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கையையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள், பிறகு ஒவ்வொரு ரிவியூவிலும் அளந்து பாருங்கள். நர்ஸ் அளந்தால் போதும், எங்கள் தையற்காரருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது 'தூக்காதே' என்ற ஒரு சொல்லோடு அனுப்பாமல் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவையாவது அனுப்புங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021ல் இருந்து பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, பக்கவாதம் வந்தவர்களுக்குச் செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த பிசியோதெரபிஸ்டுகளுக்கு இந்தக் கையைப் பற்றியும் சொல்லிக்கொடுத்து எங்கள் வீடுகளுக்கும் அனுப்பலாம். அந்த உறையை அரசே கொடுத்தால் இன்னும் நல்லது, மாவு விற்கிறவளும் நடவு நடுகிறவளும் அதைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

உங்களிடம் கேட்பது அந்த அக்டோபர் பக்கத்தில் ஒரு ஓரம். கையைப் பற்றிய 3 கேள்விகளையும் அங்கே அச்சிடுங்கள், எங்கள் வீட்டுத் தமிழில் எழுதித் தருகிறேன்: போன ஒரு வாரத்தில் உங்களுக்குக் கையிலோ தோளிலோ வலி இருந்ததா? கையோ புறங்கையோ வீங்கியிருந்ததா? கையை மேலே தூக்கவும் பக்கவாட்டில் நீட்டவும் சிரமமாக இருந்ததா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் அடுத்த ரிவியூவரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள் என்றும் கீழே போடுங்கள். வழக்கம்போல நான் கத்தரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்தத் தடவை தெருவில் மட்டும் இல்லை, ரிவியூ வரிசையிலும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகி,
மன்னார்குடி